பொறி இட்ட புள்ளி
தானியங்கித் திருத்தமும் அதனை மீட்கும் உரிமையும்



சுங்கை பாக்காப்பில் நின்று எழுத்தைப் பற்றிப் பேசும்போது, 1990களின் இறுதியில் இம்மாநிலத்துப் பள்ளியொன்றின் ஆண்டு மலர் என் நினைவுக்கு வருகின்றது. பள்ளியின் பெயரும் அம்மலரைத் தட்டச்சிட்ட ஆசிரியரின் பெயரும் இங்குத் தேவையில்லை. அச்சாகி வந்த மலரைப் புரட்டியபோது, ஒரு பத்தி ‘புள்ளியின் வளர்ச்சிக்குப் பெற்றோர் துணை நிற்க வேண்டும்’ என்று தொடங்கிற்று. மற்றொரு பத்தி ‘குலைநிகழ்ச்சிகள் சிறப்பாக நடந்தேறின’ என்றது. தலைமையுரையின் முதற்சொல் ‘துமிழ்’ என்றிருந்தது. மலரைப் பார்த்தவர்கள் நகைத்தார்கள். ‘தமிழாசிரியருக்கே தமிழ் எழுத வரவில்லை’ என்று ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். அந்த ஆசிரியர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தாம் ‘பள்ளி’ என்றுதான் தட்டினோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஆயினும் அச்சான தாள் அவருக்கு எதிராகச் சான்று கூறியது.

பிழை அவருடையதன்று என்பதைப் பின்னர்த்தான் கண்டோம். அவர் பயன்படுத்திய சொற்செயலி, வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கில முறைப்படி பெரிய எழுத்தாக மாற்றும் பழக்கமுடையது. அவருடைய தமிழ் எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்திருந்தது. பாமினி எழுத்துருவை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு விளங்கும். அதில் சிறிய ‘ஜி’யின் இடத்தில் ‘ப’வும் பெரிய ‘ஜி’யின் இடத்தில் ‘பு’வும் உள்ளன. சிறிய ‘எஃப்’ ‘க’ ஆகும். பெரிய ‘எஃப்’ ‘கு’ ஆகும். சிறிய ‘ஜே’ ‘த’. பெரிய ‘ஜே’ ‘து’. எனவே வாக்கியத் தொடக்கத்தில் வந்த பள்ளி புள்ளியாயிற்று, கலை குலையாயிற்று, தமிழ் துமிழாயிற்று. ‘அம்மா’ என்று தொடங்கியிருந்தால் அது ‘ஆம்மா’ ஆகியிருக்கும். பொறி தான் ஆங்கிலத்தைத் திருத்துவதாகவே கருதிக்கொண்டிருந்தது.

இந்நிகழ்ச்சி எழுப்பும் வினாவே இன்றைய உரையின் பொருள். எழுதுபவர் செய்ததையும் பொறி தானாகச் செய்ததையும் பிரித்தறிவது எப்படி? பொறி செய்ததை மட்டும் மீட்கும் வழி எழுதுபவர் கையில் இருக்கின்றதா? இன்று சொற்செயலிகளில் ‘செயல்தவிர்’ என்று வழங்கும் கட்டளையைப் பற்றிய இவ்வினா கணினியோடு பிறந்ததுபோலத் தோன்றலாம். தமிழ் எழுத்தின் வரலாற்றிலோ இது மிகப் பழையது.

ஏடும் பதிப்பும்

தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளியை இலக்கணமாக வகுத்தது. ஆயினும் பனையோலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் தெளிவாக இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நின்றன. ஏட்டில் ‘மனனம’ என்றிருந்தால் அதனை ‘மனனம்’ என்றும் படிக்கலாம். ‘மன்னம்’ என்றும் படிக்கலாம். புள்ளியை இட்டவர் படிப்பவரே. இடம் நோக்கி, யாப்பு நோக்கி, பொருள் நோக்கி அவர் தம் மனத்தில் அதனை இட்டுக்கொண்டார். தவறாக இட்டால் மறுபடி எண்ணிப் பார்த்து மாற்றிக்கொண்டார். ஓலை மாறவில்லையாதலின், மீட்பதற்குத் தடையும் இல்லை.

பின்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகாரக் குறிகளை வேறுபடுத்திக் காட்டினார். அச்சு பரவியபோது புள்ளியும் நிலைபெற்றது. முன்பு படிப்பவர் மனத்தில் நிகழ்ந்த முடிவு இப்போது பதிப்பிப்பவரின் கைக்குப் போயிற்று. அவர் ஒருமுறை புள்ளியிட்டுவிட்டால், ஆயிரம் படிகளிலும் அது நிலைத்துவிடும்.

உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் பெருமை இவ்விடத்தில்தான் விளங்குகின்றது. அவர் பல ஏடுகளை ஒப்பிட்டு, தமக்குச் சரியெனத் தோன்றிய பாடத்தை மேலே அச்சிட்டார். தாம் கொள்ளாது விட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் வைத்தார். 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பைப் பயில்வோர், அவருடைய முடிவை ஏற்கலாம். அல்லது அடிக்குறிப்பிலிருந்து வேறொன்றைத் தேர்ந்து, அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிப் படிக்கலாம். மற்றப் பாடல்கள் அதனால் குலைவதில்லை. திருத்துபவருக்குரிய நாணயம் இதுவென்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. திருத்துக, திருத்தியதைக் காட்டுக, திருத்துமுன் இருந்ததையும் வைத்திருக்க.

தட்டச்சுப் பொறியின் காலம்

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரலாறு மலாயாவோடும் சிங்கப்பூரோடும் பின்னிப் பிணைந்தது. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, இளமையிலேயே இப்பகுதிக்கு வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுகின்றார். 247 எழுத்துகளை நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளுக்குள் அடக்குவது எளிய பணியன்று. அதற்கு அவர் கண்ட வழிகளுள் ஒன்று நகரா விசை. புள்ளி போன்ற குறிகளுக்குரிய விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், தாளுருளை நகராது. அடுத்து மெய்யெழுத்துக்குரிய விசையை அழுத்தினால் எழுத்து அக்குறியின் கீழே விழும். அதாவது ‘க்’ எழுதப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னும் தட்டவேண்டும்.

அப்பொறியில் பின்னகர்வு விசை இருந்தது. அது உருளையைப் பின்னுக்கு நகர்த்தியதேயன்றி எதையும் அழிக்கவில்லை. அழிப்பதற்கு அழிப்பான் வேண்டும். அல்லது புதுத்தாள் வேண்டும். ஆயினும் அப்பொறிக்கு ஒரு சிறப்பு உண்டு. தாளில் விழுந்தது அனைத்தும் தட்டியவர் தட்டியது. பிழை நேர்ந்தால் அதன் பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. மலரைத் தட்டச்சிட்ட நம் ஆசிரியர் அந்த உலகில் பயின்றவர். தாளில் காண்பது தம் விரலின் செயலே என்று அவர் நம்பியதும், பழியை ஏற்றுத் தலைகுனிந்ததும் அப்பயிற்சியின் விளைவே.

செயல்தவிர்ப்பின் பிறப்பு

கணினியில் எழுத்து தாளில் விழுமுன் நினைவகத்தில் நிற்கின்றது. ஆகவே செய்ததைச் செய்யாததாக்கல் இயல்வதாயிற்று. 1960களின் இறுதியிலும் 1970களிலும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இவ்வசதி உருப்பெற்றது. சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1974இல் உருவான பிராவோ என்னும் எழுத்துச் செயலியில் செயல்தவிர்க்கும் கட்டளை இருந்தது. 1983இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினி, இக்கட்டளையை ‘இசட்’ விசையோடு இணைத்தது. இன்று உலகெங்கும் விரல்கள் தாமாகத் தேடும் விசை அதுவே.

முதலில் கடைசிச் செயல் ஒன்றை மட்டுமே தவிர்க்க முடிந்தது. பின்னர்ச் செயல்களை வரிசையாகச் சேமித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிச் செல்லும் முறை வந்தது. மாலை தொடுப்பவர் கடைசிப் பூவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது போன்றது இம்முறை. நடுவிலுள்ள பூவை மட்டும் எடுக்க இயலாது.

இந்நிலையில்தான் தானியங்கித் திருத்தம் வந்தது. 1993இல் மைக்ரோசாஃப்ட் வோர்ட் செயலியின் ஆறாம் பதிப்பு, எழுத எழுதவே எழுத்துப் பிழைகளை மாற்றும் வசதியோடு வெளிவந்தது. பின்வந்த பதிப்புகளில் எழுத எழுதவே வடிவமைக்கும் வசதிகளும் சேர்ந்தன. வரியின் தொடக்கத்தில் எண்ணொன்றைத் தட்டினால் அது வரிசைப் பட்டியலாக மாறும். நேர்கோட்டு மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகும். இப்போது செயல்வரிசையில் இருவர் எழுதுகின்றார்கள்: ஒருவர் மனிதர்; மற்றொன்று பொறி. செயல்தவிர் விசையை அழுத்தினால் யாருடைய செயல் தவிர்க்கப்பட வேண்டும்?

அச்செயலியை வகுத்தோர் இதற்கு நல்ல விடையொன்றைக் கண்டார்கள். பொறியின் திருத்தத்தை எழுதுபவரின் தட்டச்சோடு சேர்க்காமல் தனிச்செயலாக வைத்தார்கள். திருத்தம் நிகழ்ந்தவுடன் செயல்தவிர் விசையை ஒருமுறை அழுத்தினால், திருத்தம் மட்டும் நீங்கும். எழுதியவர் தட்டியது தட்டியபடியே நிற்கும். இதனை நம் ஆசிரியர் அறிந்திருந்தால், ‘புள்ளி’ தோன்றிய கணமே அதனைப் ‘பள்ளி’ ஆக்கியிருப்பார்.

ஆனால் அவர் அக்கணம் திரையைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் படியைப் பார்த்துத் தட்டுவதே நல்ல தட்டச்சர் முறை. ஒரு பக்கம் எழுதி முடித்துத் தலை நிமிரும்போது பிழையைக் கண்டிருந்தாலும், செயல்வரிசை அதற்குள் நீண்டிருக்கும். அவ்வொரு திருத்தத்தை மீட்க, அதன்பின் எழுதிய பக்கம் முழுவதையும் கழற்றவேண்டும். கையால் திருத்திவிட்டு மேலே எழுதினாலோ, அடுத்த வாக்கியத்தின் முதலெழுத்தைப் பொறி மறுபடியும் மாற்றும்.

ஒருங்குறி பரவிய பின் இக்குறிப்பிட்ட இடர் நீங்கிற்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் தரப்பட்டது. விண்டோஸ் 2000இலிருந்து அவ்வியங்குதளத்திலும் அது வழக்கிற்கு வந்தது. தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் குடியிருக்கவேண்டிய நிலை அகன்றது. தகரத்தைப் பெரிய எழுத்தாக்க எப்பொறியும் முயல்வதில்லை. இடர் நீங்கியது, வினா நீங்கவில்லை. அது நம் விசைப்பலகைக்குள்ளேயே வேறு வடிவில் குடிபுகுந்தது.

தமிழ்99 தரும் பாடம்

தமிழ்க் கணிமையின் தொடக்கத்தில் மலேசியாவுக்குச் சிறப்பிடம் உண்டு. முத்து நெடுமாறன் அவர்கள் 1980களின் நடுவில் இங்குத் தொடங்கிய முயற்சியே முரசு அஞ்சலாக வளர்ந்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்நெட் மாநாடு கூடிற்று. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது.

அவ்விசைப்பலகையின் அழகு அதன் தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால், முதலெழுத்தின்மேல் பொறியே புள்ளியிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே இடும். டகரங்களின் இடையில் புள்ளியைத் தனியே தட்டாமல் ‘பட்டம்’ எழுதலாம். ‘தங்கம்’, ‘பஞ்சு’, ‘வண்டு’, ‘பந்து’, ‘அம்பு’, ‘கன்று’ ஆகியனவும் அவ்வாறே. இலக்கணம் பயின்றோர் இதன் அடிப்படையை உடனே காண்பர். முன்னது உடனிலை மெய்ம்மயக்கம். பின்னது இனவெழுத்துகளின் மயக்கம். தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்த மயக்கவிதிகளை விசைப்பலகை தன் இயக்கவிதியாகக் கொண்டது. ஏடு படித்தவர் மனத்தில் இட்ட புள்ளியைப் பொறி இடக் கற்றுக்கொண்டது.

ஆயினும் விதி எவ்வளவு நன்றாயினும் விலக்கு உண்டு. மாணவர் ‘மனனம்’ எழுத ம, ன, ன என்று தட்டினால் பொறி ‘மன்ன’ என்று எழுதும். ஏட்டின் ‘மனனம’ முன் நின்ற அதே இருபொருள்! ‘மதத்தை’, ‘நகக்கண்’, ‘தமிழகக் கல்வி’ போன்றனவும் இவ்வாறே பொறியை மயக்கும். இதனை முன்னறிந்த வல்லுநர்கள், வாயிலொன்றையும் வைத்தார்கள். முதல் னகரத்தின்பின் அகர விசையை அழுத்தினால், அவ்வெழுத்து அகரமேறிய உயிர்மெய் என்று பொறி உணர்ந்து புள்ளியிடாது ஒதுங்கும். ம, ன, அ, ன என்று தட்டினால் ‘மனன’ கிடைக்கும். விதியோடு விலக்கையும் சேர்த்து வகுப்பது நம் இலக்கண மரபு. அம்மரபை விசைப்பலகையிலும் காணும்போது மகிழ்ச்சி உண்டாகின்றது.

ஆனால் அந்த வாயில் முன்கூட்டி அறிந்தவருக்கே பயன்படும். அறியாத மாணவர் ‘மன்ன’ என்று தோன்றியதைக் கண்டு பின்னழிப்பு விசையை அழுத்துகின்றார். ஒருங்குறியில் ‘ன்ன’ என்பது மூன்று குறிகள்: னகரம், புள்ளி, னகரம். குறிகளை ஒவ்வொன்றாக அழிக்கும் செயலியில் இறுதி னகரம் மட்டும் போகும். ‘மன்’ என்று நிற்கும். மாணவர் அழுத்தியவை ம, ன, ன என்னும் மூன்று விசைகளே. கடைசி விசையைத் திரும்பப் பெற்றால் ‘மன’ என்றன்றோ இருக்கவேண்டும்? அவர் இடாத புள்ளி அங்கே நிற்கின்றது. அதனையும் அழித்து, மறுபடி னகரத்தைத் தட்டினால், மீண்டும் ‘மன்ன’ வருகின்றது. இச்சுழலில் அகப்பட்ட மாணவர் ஒருவர், ‘இந்தச் சொல்லைக் கணினியில் எழுத முடியாது ஐயா’ என்று என்னிடம் சொன்னதுண்டு. பொறியின் பிழையைச் சொல்லின் குறையாக அவர் கருதிவிட்டார். எனக்கு அக்கூற்றே அச்சத்தைத் தந்தது. பொறி எழுதத் தருவதே மொழி என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால், இழப்பு ஒரு புள்ளியளவில் நில்லாது.

இருவகைத் திருத்தம்

இதுவரை கண்டவற்றிலிருந்து பொறியின் தலையீட்டை இரண்டாகப் பகுக்கலாம் என்று நான் கருதுகின்றேன்.

முதலாவது, எழுத்தாக்கம். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போதே பொறி உதவுவது. தானியங்கிப் புள்ளி இவ்வகை. இங்குப் பொறியின் செயல் எழுதுபவரின் விசையழுத்தத்தோடு ஒன்றியது. ஆகவே அழிக்கும்போதும் இரண்டும் ஒன்றாகவே போகவேண்டும். ‘மன்ன’ என்பதில் ஒருமுறை பின்னழித்தால், னகரமும் பொறி இட்ட புள்ளியும் சேர்ந்து நீங்கி ‘மன’ என்ற நிலை மீளவேண்டும். அவ்வாறு மீட்டவர் அதே விசையை அங்கேயே மறுபடி அழுத்தினால், அவர் புள்ளியை விரும்பவில்லை என்பதைப் பொறி உணரவேண்டும்.

இரண்டாவது, எழுத்துமாற்றம். எழுதி முடித்த சொல்லைப் பொறி வேறொன்றாக்குவது. பெரிய எழுத்தாக்கல், சொல்லை மாற்றல், பட்டியலாக்கல் ஆகியன இவ்வகை. இங்குப் பொறியின் செயல் எழுதுபவரின் செயலிலிருந்து வேறானது. ஆகவே அது தனிச்செயலாக நிற்கவேண்டும். முதல் செயல்தவிர்ப்பிலேயே அது மட்டும் நீங்கவேண்டும்.

பொறியின் ஒவ்வொரு செயலையும் தனித்து எண்ணினால் செயல்வரிசை நீண்டு, மீட்பதே தொல்லையாகும் என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பில் உண்மை இருக்கின்றது. பக்கத்திற்கு நூறு புள்ளிகளைப் பொறி இடும். அவற்றை நூறு தனிச்செயல்களாக எண்ணினால் எவராலும் பயன்படுத்த இயலாது. அதனாலேயே இருவகையையும் பிரித்தேன். எழுத்தாக்கத்தில் சேர்த்தெண்ணுக; எழுத்துமாற்றத்தில் பிரித்தெண்ணுக.

காலம் கடந்து காணப்படும் திருத்தத்திற்கும் வழி உண்டு. 2001இல் வந்த ஆஃபிஸ் எக்ஸ்பி தொகுப்பில், தானாகத் திருத்தப்பட்ட சொல்லின்மேல் சுட்டியைக் கொண்டுசென்றால் சிறு நீலக்கோடு தோன்றும். அதன்வழியே அவ்வொரு திருத்தத்தை மட்டும் மீட்கலாம். அவ்வகைத் திருத்தத்தை இனிச் செய்யாதே என்றும் கட்டளையிடலாம். பின்னெழுதிய பக்கங்கள் குலைவதில்லை. அந்நீலக்கோட்டை முதன்முதல் கண்டபோது, ஐயரின் அடிக்குறிப்புகளே எனக்கு நினைவுக்கு வந்தன. மாலையின் நடுப்பூவை எடுக்கும் வழியை நம் பதிப்பாசிரியர்கள் தாளிலேயே கண்டிருந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கணினியில் எழுதப்பட்ட கட்டுரையைத் திருத்தும்போது, சிவப்பு மையை எடுக்குமுன் மாணவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘நீ எதைத் தட்டினாய்?’ அவர் தட்டியதும் தாளில் நிற்பதும் வேறாக இருக்கலாம். தானியங்கித் திருத்தத்தை நிறுத்தும் முறை, செயல்தவிர் விசை, தமிழ்99இன் அகர வாயில் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே கற்பியுங்கள். ‘மனனம்’ என்னும் சொல்லையே முதற்பயிற்சியாகக் கொடுங்கள். மாணவர்களே, உங்களுள் நாளை செயலிகளை இயற்றப்போகின்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் பொறி தமிழைத் திருத்தட்டும். ஆனால் திருத்தியதைக் காட்டட்டும், முன்னிருந்ததை வைத்திருக்கட்டும்.

அந்த ஆண்டு மலருக்குப் பின்னர்ப் பிழைதிருத்தத் தாளொன்றை ஒட்டினோம். ‘புள்ளி என்பதைப் பள்ளி என்று படிக்க’ என்று அதில் இருந்தது. அத்தாளை அவ்வாசிரியர் தம் கையாலேயே ஒவ்வொரு படியிலும் ஒட்டினார். பொறி செய்ததைத் தவிர்க்கும் வேலை அன்று மனிதர் கைக்கு வந்தது. பிழை எப்படி நேர்ந்தது என்று அத்தாளில் ஒரு வரி எழுதலாமே என்று நான் சொன்னேன். ‘யார் நம்புவார்கள்?’ என்று கேட்டார். இன்று இந்த அவையில் அந்த வரியைச் சொல்லிவிட்டேன்.